ஏழாவது மடிப்பு

எந்தக் காகிதத்தையும் ஏழு தடவைக்கு மேல் பாதி பாதியாக மடிக்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். சிலர் எட்டு என்பார்கள். தாள் பெரிதாகவும் மெல்லிதாகவும் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு போகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த வாதத்தில் எல்லாம் ஆர்வம் செத்துப்போய்விட்டது. மணிக்கு இருநூறு என்ற கணக்கில் சம்பளத்துக்கு மடித்தவள் நான். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கை துடைக்கிற தாளை எடுத்துக் குழந்தைகளிடம் நீட்டி, 'எங்க, இத எட்டு தடவ மடி பாக்கலாம்' என்று வேடிக்கை காட்ட ஆரம்பித்தால் நான் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். இவளுக்கு என்ன வந்தது என்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

2010 வாக்கில் நான் சுங்குவார்சத்திரத்தில் தங்கியிருந்தேன். வயது பதினெட்டு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறி வந்தவள். வேலை, ஒரகடம் போகிற வழியில் ஒரு சின்னக் கம்பெனியில். பெரிய கம்பெனிகளுக்காக சார்ஜரையும் ஹெட்போனையும் பெட்டியில் போட்டு மூடி அனுப்புவோம். ஊரில் யாராவது கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது. உள்ளே ஒரு ஸ்க்ரூவைக்கூட நாங்கள் திருகியது கிடையாது.

அந்த வருஷங்களில் அங்கே எல்லாமே பாதியாகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் பிள்ளைப்பாக்கத்தில் நிலத்தை விற்ற பணத்தில் மாடி எடுத்தவர். மாடியில் முதலில் ஒரே ஹால்தான் இருந்ததாம். நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கினார். இரண்டுக்கும் ஆள் வந்ததும் இரண்டையும் நடுவில் அடித்து நாலாக்கினார். நான் போய்ச் சேர்ந்தபோது நாலு எட்டாகிக்கொண்டிருந்தது. எங்கள் பங்குக்கு வந்த எட்டில் ஒன்றில் நாலு பேர். கட்டிலைப் போட்டால் கதவு திறக்கவில்லை. போய்ச் சொன்னோம்.

"இன்னாமா பேசுறீங்க? தூங்கறதுக்குத்தானே வூட்டுக்கு வரீங்க, டான்ஸ் ஆடவா வரீங்க?" என்றார். மறுநாள் ஆள் வைத்துக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பதில் ஒரு பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டோம். கதவு இல்லாததற்காக வாடகையில் எதுவும் குறையவில்லை.

கம்பெனியிலும் இதே கதை. டீ பிரேக் அரை மணி நேரம் இருந்தது கால் மணி நேரமானது. பிறகு ஏழரை நிமிஷமானது. லைனிலிருந்து பாத்ரூமுக்கு நடந்து போய் வரவே ஆறு நிமிஷம். "நல்ல நேரம் பாத்துத்தான் ஏழரைய புட்ச்சிருக்கானுங்க" என்று எங்கள் லைன் லீடர் அண்ணன் சொல்லிச் சிரிப்பார். சிரிப்போம். அதைவிட வேறு என்ன செய்வது, சொல்லுங்கள்? இருந்த இடத்தில் சிரிப்பதற்கு மட்டும்தான் டார்கெட் வைக்கவில்லை.

என்னோடு அறையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தி பரமக்குடிக்காரி. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை, பக்கத்துப் பக்கத்தில் படுக்கை. அவளுக்கு என்னைவிட ஒரு வயது கூட. சாப்பாட்டில் மட்டும் சண்டை போடுவோம். நான் வைக்கிற புளிக்குழம்பு அவளுக்கு ஆகாது. "புளியங்கொம்பையே ஒடிச்சுப் போட்டியாடி?" என்பாள். மற்றபடி அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

அவள் வேலைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அவளுடைய தாய்மாமனுக்கு முப்பத்தெட்டு வயது. முதல் மனைவி இறந்துபோய் ஒரு பெண் குழந்தை இருந்தது. அவருக்கு இவளைக் கொடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இவள் அழுது புரண்டு ஒரு வருஷம் அவகாசம் வாங்கியிருந்தாள். ட்ரெய்னியாகச் சேர்ந்து ஒரு வருஷத்தில் பெர்மனென்ட் ஆகிவிட்டால் கல்யாணப் பேச்சை விட்டுவிடுவதாக அவளுடைய அப்பா சாமி படத்தின் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவில்லை என்றால் தை மாதம் கல்யாணம்.

"மாமா நல்லவருதான்டி. எனக்குக் காதுகுத்தும்போது மடியில வச்சிருந்தவரே அவருதான். அதுக்காக அவரையே கட்டிக்கிறதா?" என்று கேட்பாள். குரலில் கோபமே இருக்காது. கேட்டுவிட்டுத் தலையை வாரிக்கொண்டு இருப்பாள்.

எனக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. நானும் ட்ரெய்னிதான். பெர்மனென்ட் ஆனால் சந்தோஷம், ஆகாவிட்டால் வேறு கம்பெனி. அன்றைக்கு ரோட்டில் பத்தடிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அவசியம் எதுவும் இல்லாமல்தான் நான் அதைச் செய்தேன்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள் போகும். எப்படி உபயோகிப்பது, தண்ணீரில் போடாதே, தலையணைக்கு அடியில் வைக்காதே என்று இருபது பாஷைகளில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். விரித்தால் டீக்கடை பெஞ்சில் பாதியை மூடும். மெல்லிய தாள். அதைப் பாதி, பாதியில் பாதி என்று ஆறு தடவை மடித்துப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும். அதற்கென்று லைனில் நாலு நாற்காலிகள். மணிக்கு ஒருத்திக்கு இருநூறு. பழகிய கைக்கு அது பெரிய விஷயம் இல்லை. நகத்தால் இழுத்து அழுத்தினால் தாள் பேசாமல் படுத்துக்கொள்ளும்.

பிறகு புதுப் பெட்டி வந்தது. பழைய பெட்டியில் பாதி. அட்டை மிச்சம், லாரியில் இடம் மிச்சம் என்று மேலே யாரோ கைதட்டல் வாங்கியிருப்பார்கள். ஆனால் தாள் அதே தாள். கைதட்டுவதற்கு முன்னால் யாரும் அதை யோசிக்கவில்லை.

எங்கள் இன்ஜினியர் சார் வந்து நின்றார். சின்ன வயசுதான். சட்டையில் மடிப்புக் கலையாமல் வருவார். "ஆறு ஃபோல்டு பண்றீங்க. ஜஸ்ட் இன்னும் ஒண்ணு. ஏழு. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதானாம்! இன்ஜினியரிங் படித்த மனுஷன். முதல் மடிப்பில் இரண்டு அடுக்கு. அப்புறம் நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஆறாவது மடிப்பில் அறுபத்து நாலு அடுக்கு. ஏழாவதில் நூற்று இருபத்தெட்டு. ஏழாவது மடிப்பு என்பது இன்னும் ஒன்று இல்லை. அதுவரை மடித்தது மொத்தத்தையும் தூக்கி மறுபடியும் அதன் தலையிலேயே வைப்பது. தாள் கை அளவுக்குச் சுருங்கச் சுருங்கத் தடிமன் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மடிப்பதற்குத் தாளே மிச்சம் இருக்காது, முதுகு மட்டும்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் மடிந்த மாதிரி நடிக்கும். விட்டால் வாயைப் பிளந்துகொள்ளும். இதெல்லாம் கையில் எடுத்த அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பேர் அவர் முன்னால் மடித்துக் காட்டினார்கள். மூன்று தாளும் மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பெட்டியில் திணித்தால் மூடி எழும்பி நின்றது.

"சவுத்லேருந்து வர்ற பொண்ணுங்க எந்த வேலை கொடுத்தாலும் முடிச்சிடுவாங்கன்னு சொன்னாங்க. பரவாயில்லை, நாளைக்கு வாட்ச் வச்சுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பரவாயில்லை' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

வாட்ச் வைப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். புதிதாக ஒரு வேலை வந்தால் லைனில் வேகமான கையாகப் பார்த்து நிறுத்தி, ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுப்பார்கள். அந்த நேரம்தான் பிறகு எல்லோருக்கும் டார்கெட். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லித் தந்ததில்லை. வந்த முதல் வாரத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். வாட்ச் வந்தால் கை மெதுவாகும். லைனிலேயே கெட்டிக்காரியானவள்கூட அன்றைக்குக் கையில் உணர்ச்சியே இல்லாதவள் மாதிரி தடவிக்கொண்டு நிற்பாள். இரண்டு தடவை கீழே போட்டு எடுப்பாள். லைன் லீடர் அண்ணன் சத்தம் போடுவதுபோல் போடுவார், கண் மட்டும் 'அப்படித்தான்' என்று சொல்லும். அவர் உள்ளூர்க்காரர். லைன் டார்கெட் அடிக்கவில்லை என்றால் திட்டு வாங்குவது அவர்தான்.

அன்று சாயங்காலம் அச்சுப் பிசகிக் கழித்துப் போட்ட தாள்களில் பத்தை எடுத்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து அறைக்குக் கொண்டுவந்தேன். வாசலில் செக்யூரிட்டி அக்கா தடவித் தேடுவது சார்ஜரைத்தான். குப்பைத் தாளை யார் தேடப்போகிறார்கள்?

"எதுக்குடி இது?" என்று பரமக்குடிக்காரி கேட்டாள்.

"மடியுதா மடியலையான்னு பாத்துருவோம்ட்டி" என்றேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம். ஆறு மடிப்பு மடித்து, ஏழாவதை மடக்கி, அதன் மேல் அவளுடைய சூட்கேஸை வைத்து இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஒருத்தி உட்கார்ந்தால் போதவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பக்கத்துப் பிளைவுட்டைத் தட்டி, "என்னக்கா நடக்குது அங்க?" என்று கேட்டார்கள். பத்தையும் அப்படி மடித்து, அடுக்கி, மேலே சமையல் சிலிண்டரைத் தூக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். காலையில் சிலிண்டரை எடுத்துப் பார்த்தால் பத்தும் தட்டையாகப் படுத்திருந்தன. ஒன்றை முழுக்க விரித்து மறுபடி மடித்தேன். பழைய தடத்திலேயே ஓடி, ஏழாவதும் சொன்னபடி கேட்டது.

"அடிபட்டுப் படிஞ்சுருச்சு பாரு. புதுசு இப்புடி மடியாது" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் குளிக்கத் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் பத்துத் தாளையும் விரித்து, உள்ளங்கையால் நீவி, சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏன் செய்தாய் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். 'பரவாயில்லை' என்றவன் வாயை மூட வேண்டும் என்ற வீம்பு ஒன்று. கைதட்டல் வாங்க வேண்டும் என்ற அற்ப ஆசை ஒன்று. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் இவ்வளவு எரியாது.

சார் வாட்சோடு வந்தார். யார் மடிப்பது என்றார். வழக்கப்படி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். லைன் லீடர் அண்ணனின் முகம் சுருங்கியது. நான் என் தாள்களை மேஜையில் வைத்தேன். அவற்றில் பழைய தடங்கள் தெரியாதா என்றால் நன்றாகவே தெரிந்தன, கட்டம் போட்ட நோட்டுப் போல. ஆனால் சார் தாளைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடித்தேன். ஏழு மடிப்பு, பெட்டி, மூடி. மடித்தேன், பெட்டி, மூடி. பத்தும் முடிந்தபோது மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

"சூப்பர்மா!" என்று சார் கைதட்டினார். ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் தட்டினார்கள். லைனில் ஒரு கைகூடத் தட்டவில்லை. "இப்ப சொல்லுங்க, யாருக்கு மடியாது? அதே இருநூறுதான் டார்கெட்" என்றார் சார். எனக்குக் காது சூடாகிக் கெத்தாக இருந்தது. சத்தியமாக அந்த ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

சார் போனதும் அண்ணன் என் பக்கத்தில் வந்தார். "இன்னா பொண்ணுமா நீ? துண்ட சோறு செரிக்கலயா உனுக்கு?" என்றார். "தாள்ல கோடு கோடா கீது, எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?" தெரிந்தும் அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது பரமக்குடிக்காரி மெதுவாகக் கேட்டாள். "ஏன்டி, அது நம்ம தாளுதானே?"

"சும்மா கெட. ஒருநாள் கூத்துதானட்டி, நாளைக்கு அவங்களே விட்டுருவாங்க" என்றேன். அவள் என் டப்பாவிலிருந்து ஒரு வாய் புளிக்குழம்பு எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் விடவில்லை. என் கையில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டி என்னை ட்ரெய்னர் ஆக்கினார்கள். எனக்கே வராத வேலையை மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்! மடிக்கிற நாற்காலிகளில், பெர்மனென்ட் லிஸ்டுக்கு முன் கடைசி மாதத்தில் இருந்த ட்ரெய்னிகளை உட்காரவைத்தார்கள். இங்கே பேர் எடுத்தால் லிஸ்டில் பேர் வரும் என்றார்கள். முதல் நாற்காலி பரமக்குடிக்காரிக்கு.

புதுத் தாள். விறைப்பாக வழுக்கிக்கொண்டு வரும். மணிக்கு நூறு தாண்டினாலே பெரிய காரியம். அதிலும் பாதிக்கு மூடி எழும்பி நிற்கும், தரம் பார்க்கிற கியூசியிலிருந்து திரும்பி வந்துவிடும். மூன்று நாளில் அவளுடைய கட்டைவிரல் நகம் பிளந்து, உள்ளங்கையின் அடி கன்றிப்போனது. பிளாஸ்டர் ஒட்டக் கூடாது, பசை பெட்டியில் படும். நான் பச்சைப் பட்டையோடு அவள் பின்னால் நின்று, "ஓரத்தப் புடிச்சு அழுத்து, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுடைய தலைக்கு மேலே இருந்த பலகையில் மணிக்கு மணி அவளுடைய எண்ணிக்கையைச் சிவப்பில் எழுதினார்கள்.

ஒருநாள் அறையில், அவள் மஞ்சளைக் குழைத்து விரலில் போட்டுக்கொண்டிருந்தபோது, "போய் சார்கிட்ட சொல்லிருதேன்ட்டி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லுறியா?" என்றாள். ஆசையாகத்தான் கேட்டாள்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். நாளைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பட்டையைக் கழற்றுவார்கள், நாலு பேர் முன்னால் திட்டுவார்கள். திருடின தாள் என்று வேலையை விட்டே அனுப்பினாலும் அனுப்பியிருப்பார்கள். எனக்கு ரோட்டில் பத்தடிக்கு ஒரு கம்பெனி இருந்தது. இருந்தும் நாக்கு எழும்பவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவளுடைய எண்ணிக்கை திடீரென்று ஏறியது. இருநூறு. இருநூற்றைந்து. பெட்டிகள் அழகாக மூடின. அண்ணன் ஆச்சரியப்பட்டார், சார் என் தோளைத் தட்டி "குட் ட்ரெய்னிங்" என்றார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவள் செய்தது இதுதான். காலையில் எங்களுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்துப் போய், லைன் ஓட ஆரம்பிப்பதற்கு முன், தாள்கட்டை நடுவில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கிழித்துவிடுவாள். பாதித் தாளை ஆறு தடவை மடித்தால் முழுத்தாளை ஏழு தடவை மடித்த அளவு வந்துவிடும், தடிமனில் பாதிதான் இருக்கும். ஒரு மடிப்புக்கு ஒரு கிழிசல். மிச்சப் பாதியைக் கழிவுத் தொட்டியில் அடியில் போட்டு மூடிவிடுவாள். அவளுக்கு எப்படித் தோன்றியது என்று தெரியாது. மடியவே மடியாத ஒன்றை வேறு எப்படித்தான் பாதியாக்குவது?

பத்து நாள் ஓடியது. பிறகு வெளியூரில் எங்கோ பெட்டிகளைப் பிரித்துச் சோதித்தவர்கள், பாஷைகளில் பாதியைக் காணோம் என்று கண்டுபிடித்தார்கள். பெட்டி மேல் இருந்த நாற்காலி நம்பரை வைத்து நேராக அவளிடம் வந்துவிட்டார்கள்.

ஹெச்.ஆர். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஹெச்.ஆர். மேடமும் சாரும். இந்தப் பக்கம் அவள். சுவர் ஓரமாக அண்ணன். ட்ரெய்னர் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏன் கிழிச்சீங்க?" என்று மேடம் கேட்டார்.

"மடியல மேடம்" என்றாள்.

"மடியலன்னா சொல்லணும்."

"தினமும் சொன்னேன் மேடம். அண்ணன்கிட்டக் கேளுங்க."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். அதோடு சரி. சார் என் பக்கம் திரும்பினார். "மடியலங்கறாங்க. ஆனா இவங்க என் கண்ணு முன்னாடி பத்து மடிச்சாங்க மேடம். நானே டைம் எடுத்தேன். நீங்களே சொல்லுங்கம்மா, மடியுமா, மடியாதா?"

அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். மஞ்சள் அப்பிய கட்டைவிரல் எனக்குத் தெரிந்தது. 'அது பழைய தாள் சார், முந்தின நாளே மடித்து வைத்தது' என்று ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம்! அதைச் சொல்லியிருந்தால் டார்கெட்டே பொய் என்று ஆகியிருக்கும். அவள் கிழித்தது தப்பாகவே இருந்தாலும், ஏன் கிழித்தாள் என்றாவது அந்த மேஜைக்குத் தெரிந்திருக்கும். சாருடைய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"மடியும் சார். பழகுனா வரும்" என்றேன்.

மேடம் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ட்ரெய்னியை அனுப்ப நோட்டீஸ்கூட வேண்டியதில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைப் பிடிக்கக் கட்டைவிரல் ஒத்துழைக்காமல் இரண்டு தடவை நழுவியது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். மூன்று வாரத்தில் அந்தத் தாளையே எடுத்துவிட்டார்கள். வேறு ஊரிலும் பெட்டி மூடவில்லையாம். அதற்குப் பதிலாகப் பொடி எழுத்தில் ஒரு குட்டிச் சீட்டு வந்தது. அதை ஒரு தடவை மடித்தால் போதும். பெர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. எனக்கு வரவில்லை. அந்தக் கம்பெனியில் நான் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தேன். வாட்ச் வந்தால் என்னை யாரும் பக்கத்தில் நிற்க விடமாட்டார்கள்.

அவள் கிளம்பிய காலையில் அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சூட்கேஸை நான்தான் தூக்கிக்கொண்டேன். ஷிப்டுக்குப் போகிற பெண்கள் கம்பெனி பஸ்களுக்காகச் சாரிசாரியாக நின்றார்கள். தாம்பரம் போகிற பஸ் வரத் தாமதமானது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

எனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. தாள் விஷயம் அவளுக்கும் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன். சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று ராத்திரி முழுக்க நினைத்து நினைத்து அழுதிருந்தேன். அந்த அழுகையில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. நம் மேல் ஒருத்திக்கு இவ்வளவு பாசம் என்றால் நாம் அவ்வளவு கெட்டவள் இல்லை, அப்படி ஒரு கணக்கு. அந்த ஆறுதலை அவள் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"ஏட்டி, நீ ஏன் அங்கன சொல்லல? அந்தத் தாள் கதைய?" என்று கேட்டேன். "எனக்காகத்தான சொல்லாம விட்ட?"

அவள் டீ கிளாஸைக் கடை மேடையில் வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"உனக்காகவா?" என்றாள். "நான் சொன்னா வேலைக்காகப் பழி போடுறான்னுதானே நெனப்பாக? நீ சொன்னாத்தான் நம்புவாக. இந்தா சொல்லப்போறா, இந்தா வாயத் தொறக்கப்போறான்னு, கையெழுத்துப் போடுற வரைக்கும் உன் வாயையே எதிர்பாத்துத்தான்டி உக்காந்திருந்தேன்."

பஸ் வந்தது. சூட்கேஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.